மூன்று தரம் மறுக்கப்பட்டவனின் இலங்கைப் பயணக் கையேடு

ஜூன் 24, புதன். நாகப்பட்டினம்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். "ஒருநாள் அந்த நாடே என்னை வா வா என்று கூப்பிடும், அன்றைக்குத்தான் போவேன்" என்று பத்து வருடத்துக்கு முன்பே இதே வீட்டுக் கூடத்தில் சொன்னேன். சாட்சி என் மனைவி தையல்நாயகி. அவளைக் கேட்டால் ஞாபகமில்லை என்கிறாள். எனக்குச் சாதகமான எதுவும் அவள் ஞாபகத்தில் தங்குவதில்லை.

சனிக்கிழமை கப்பல். இங்கே நாகையில் ஏறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. அங்கிருந்து யாழ்ப்பாணம் கூப்பிடு தூரம். திங்கட்கிழமை காலையில் என் தங்கை நீலாயதாட்சியின் மகள் தர்சிகாவுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் நானும் தையலும்தான் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். ஆகவே கப்பல், கடல், இரண்டு அரசாங்கங்கள் எல்லாம் என்னை நம்பித்தான் இருக்கின்றன.

முதன்முறை இலங்கை போகும் நம் சனங்களுக்கு ஒரு வழிகாட்டி வேண்டாமா? அதற்காகத்தான் இந்த நாட்குறிப்பு. டைரி பழசு, ஐஸ் கம்பெனி கொடுத்தது. தேதிகளை அடித்துத் திருத்தியிருக்கிறேன். எழுதுபவனின் தகுதி: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருட மேற்பார்வை.

"மேற்பார்வையா? ஐஸ் உடைச்சீங்க" என்றாள் தையல், தோளுக்குப் பின்னாலிருந்து.

உடைப்பதற்கு முன் பார்த்துத்தானே உடைத்தேன்.

பின்னணி சொல்லிவிடுகிறேன். மச்சான் யோகராசா அகதியாக வந்து முகாமில் இருந்தவர். நீலாவைக் கட்டிக்கொண்டார். சண்டை ஓய்ந்ததும் பெண்டாட்டி பிள்ளையோடு ஊர் திரும்பினார். அதன்பிறகு மூன்று தரம் எனக்கு அங்கே போகவேண்டிய முறை வந்தது. புது வீடு குடிபுகுந்தபோது ஒரு தரம். தர்சிகா பெரியவளானபோது ஒரு தரம். ஆறு வருடத்துக்கு முன்னால் மச்சான் மாரடைப்பில் போனபோது ஒரு தரம். மூன்று தரமும் விசா மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. பெரிய ஆட்களுக்குக் காரணம் சொல்வது வழக்கமில்லை.

இதில் என் மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். மச்சானின் தங்கை புவனேஸ்வரி, செத்த வீட்டில் வைத்தே, "உங்கட அண்ணைக்கு வர மனமில்லை, விசா எண்டு பொய் சொல்லுறார்" என்று சொல்லிவிட்டாளாம். நீலா அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆறு வருடமாக முகத்தில் விழிப்பதில்லை. கல்யாணத்துக்கும் சொல்லவில்லை. ஒரு மனிதனின் வாக்குக்காக ஒரு குடும்பமே இரண்டாக நிற்கிறதென்றால் அந்த மனிதன் லேசுப்பட்டவனா?

ஜூன் 25, வியாழன்

ஆவணங்கள் பற்றி.

பாஸ்போர்ட் கட்டாயம். ஆறு மாதமாவது ஆயுள் மிச்சமிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு. ஆதார் அட்டையை நீட்டினால் கப்பல்காரன் சிரிப்பான். நான் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், சிரித்தான்.

என் பாஸ்போர்ட் புத்தம் புதிது. எடுக்க வைத்தவள் தையல். "தகப்பன் இல்லாத பொண்ணுங்க. இந்தத் தடவையும் வரலன்னா நான் தனியாப் போய் மணையில உக்காருவேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அதன் கடைசிப் பக்கத்தில் ஈ.சி.ஆர். என்று மூன்று எழுத்து போட்டிருக்கிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் கடற்கரைச் சாலைக்கும் அதே பெயர்தான். எல்லாருக்கும் இந்த எழுத்துப் போடுவதில்லை. தெருவில் கணக்குப் பிள்ளை வீட்டுப் பையனின் பாஸ்போர்ட்டில் இல்லை, பாவம், என்ஜினீயர். வெளிநாடு போகும்போது அரசாங்கம் தனிக் கவனம் எடுத்து விசாரித்து அனுப்ப வேண்டிய ஆட்களுக்கு மட்டும் போடுவது என்று அதிகாரியே சொன்னார்.

"பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்குப் போடுறது" என்றாள் தையல்.

அவளுக்கும் போட்டிருக்கிறது. அவளுக்கு வேண்டுமானால் அந்தக் காரணமாக இருக்கலாம்.

அடுத்தது இணைய அனுமதி. நெட் சென்டர் அம்மாவிடம் கொடுத்தேன், பதினைந்து நிமிடத்தில் விண்ணப்பித்துவிட்டாள். மறுநாளே அனுமதி வந்துவிட்டது. கண்ணாடி கொண்டுபோகாததால் படிவத்தை அவளே நிரப்பும்படி ஆகிவிட்டது. கண்ணாடி என் சட்டைப் பையில் இருப்பதாக அவள் சொன்னாள். அது வேறு கண்ணாடி.

இவ்வளவுக்கும் மேலே என்னிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா பரராசசிங்கம் ஓய்வுபெற்ற கிராம சேவகர், நம்ம ஊர் கிராம நிர்வாக அதிகாரி மாதிரி. அந்த ஊரில் பால் மாவு வாங்குவதற்குத் தவிர எல்லாவற்றுக்கும் கிராம சேவகர் கடிதம் வேண்டுமாம். நீலா அவரிடம் சொல்லி எனக்காக ஒரு கடிதம் எழுதி வாங்கி, தெரிந்தவர் ஒருவர் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இங்கிலீஷில் பாதி, சிங்களத்தில் பாதி, அடியில் வட்ட முத்திரை. "அண்ணே, இதை முதல்ல நீட்டு. அப்புறம் உன்னை யாரும் தொட மாட்டாங்க" என்று போனில் சொன்னாள்.

இரண்டு மொழியிலும் என்னைப் பற்றிப் புகழ்ந்திருப்பதாகத் தெரிகிறது. வரிகள் நீளமாக இருக்கின்றன.

ஜூன் 26, வெள்ளி

மூட்டை கட்டும் முறை. கப்பலில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. சீர்த் தட்டு இருபத்தொன்று எடுத்து வைத்திருந்தேன். பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்தோம். தட்டு மட்டுமே கணக்கைத் தாண்டிவிட்டது, சீர் இன்னும் வைக்கவில்லை.

தட்டு அங்கேயே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் இறக்கினாள் தையல். மாம்பழம், வாழைத்தார், தென்னங்கன்று மூன்றும் கூடாது. செடி கொடி பழம் எதுவும் நாடு தாண்டக் கூடாதாம். தென்னங்கன்றுக்கு நான் ஒரு போர்வை சுற்றி மடியில் வைத்துக்கொள்ள யோசனை சொன்னேன். "பிள்ளைன்னு சொல்வீங்களா? பாஸ்போர்ட் கேப்பான்" என்றாள்.

மிஞ்சியது: மாமன் பட்டுப் புடவை ஒன்று, நாகூர் தம்ரூட் இனிப்பு இரண்டு பெட்டி, மஞ்சள், குங்குமம், நான்.

ஜூன் 27, சனி

காற்று. கப்பல் இல்லை. நாளை.

நான் அப்போதே சொன்னேன்.

ஜூன் 28, ஞாயிறு. காங்கேசன்துறை

ஒருவழியாக வந்தாயிற்று. ஆனால் எப்படி வந்தேன் என்பது சரித்திரம்.

கடலில் முதல் அரை மணி நேரம் நான் சக பயணிகளுக்குத் திசைகள் விளக்கினேன். அடுத்த மூன்றரை மணி நேரம் ஒரு காகிதப் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஒருவர் கேட்டார். படகுக்கு ஐஸ் போடுகிறவன் படகில் ஏறுவதில்லை ஐயா, மாலை கட்டுகிறவன் மாப்பிள்ளையா? பயணிகளுக்கு அறிவுரை: காலையில் இட்லி வேண்டாம். குறிப்பாக ஏழு வேண்டாம்.

இறங்கியதும் வரிசை. தையலை முந்திக்கொண்டு நான் கவுண்டருக்குப் போனேன். அதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். தமிழர். பாஸ்போர்ட்டுக்கு மேலே கடிதத்தை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கம்பீரமாக நீட்டினேன்.

அவர் பாஸ்போர்ட்டைத் தொடவில்லை. கடிதத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"ஐயா, இதில என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ?"

"நம்மளைப் பத்தி நாமளே சொல்லக் கூடாது தம்பி."

"நான் சொல்லுறன். இவரின்ர விசா விண்ணப்பம் முந்தி மூண்டு தரம் நிராகரிக்கப்பட்டது. முன்னர் இவர் செய்த குற்றம் ஏதும் இருப்பின், அதைப் பெரிய மனதோடு மன்னித்து, இம்முறை மாத்திரம் உள்ளே விடவும்."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா தன் பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"என்ன குற்றம் ஐயா?"

"குற்றம் ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப ஏன் மறுத்தவங்கள்? எந்தெந்த வருசம்? எந்த இடத்தில விண்ணப்பிச்சனீங்கள்?" கணினியில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். "உங்கட பேரில பழைய விண்ணப்பம் ஒண்டும் காட்டேல்லை. மூண்டு தரம் மறுத்ததெண்டால் கொழும்பில கேக்காமல் விடேலாது. இண்டைக்கு ஞாயிறு. நாளைக்குப் போயா, லீவு. செவ்வாய்க்கிழமைதான் பதில் வரும்."

போயா என்றால் பௌர்ணமி. இந்த நாட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரசாங்க விடுமுறை. பயணிகள் இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளவும்.

"செவ்வாய்க்கிழமையா? நாளைக்குக் காலையில கல்யாணங்க. நான்தான் தாரை வார்க்கணும். பொண்ணுக்கு அப்பா இல்ல."

"விளங்குது ஐயா. அம்மா போகலாம், அவவுக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் பின்னேரம் இதே கப்பலில திரும்ப வேண்டி வரும்."

தையல் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடித் தடுப்பில் அவள் முகம் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது நான் என்ன செய்தேன்? குனிந்து அந்தத் துவாரத்தின் வழியாக அதிகாரியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். ஒன்றே ஒன்று. அவர் கை அப்படியே நின்றது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடிதத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்து, "இதை இனி ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ" என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டார். கிட்டத்தட்ட எழுந்து நின்றார் என்றே சொல்லலாம்.

அந்த வாக்கியம் என்ன என்பது ராஜரகசியம். எல்லாப் பயணிகளுக்கும் அது பலிக்காது.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறினோம். தையல் கேட்டாள்.

"நீலாகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"எதை?"

அவள் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த ஊர் வேலிகள் பனையோலையால் அடைத்தவை. மிக நேர்த்தி.

அதே நாள், சாயங்காலம். நீலாவின் வீடு

நீலா கேட்டிலேயே நின்றாள், இங்கே அதைப் படலை என்கிறார்கள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் சமையல் செய்துகொண்டிருந்தவர்கள், பந்தல் போடுகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள். "பாத்தீங்களா! என்ர அண்ணன்! மூண்டு தரம் விடாதவங்கள், இண்டைக்கு விட்டுட்டாங்கள்!" பாதி நம்ம ஊர்ப் பேச்சு, பாதி அவர்கள் பேச்சு. கடல் நடுவில் நின்று பேசுவது போல இருந்தது.

பரராசசிங்கம் வந்து கை குலுக்கினார். "என்ர கடிதம் வேலை செய்ததோ?"

"அப்படியே ஆடிப்போயிட்டாங்க" என்றேன். அதில் பொய்யில்லை.

மச்சானின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போய் நின்றேன். கப்பல் அலுப்பு, அதிக நேரம் நிற்க முடியவில்லை.

கல்யாணப் பெண் தர்சிகா கையில் மருதாணியோடு கிணற்றடிக்கு என்னைக் கூப்பிட்டாள். நம்ம ஊரிலிருந்து போனபோது சின்னப் பிள்ளை, இப்போது நெடுநெடுவென்று மச்சான் உயரம்.

"மாமா, ஒரு உதவி செய்வீங்களோ? புவனா மாமியைக் கூப்பிடச் சொல்லி அம்மாட்டச் சொல்லுங்கோ. அப்பான்ர ஒரே சகோதரம். அவ இல்லாமல் நான் மணையில இருந்தால், அப்பா பாதி இல்லாத மாதிரி இருக்கும். நான் கேட்டால் அம்மா அழுவா. நீங்கள் சொன்னால்தான் கேப்பா. உங்களுக்காகத்தானே கோவம்."

பெண் கேட்டது நியாயம். உடனே போய் நீலாவிடம் சொன்னேன். அவள் வடைக்கு உளுந்து அரைத்த பாத்திரத்தைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"போனாப் போகுது நீலா, அந்தப் பொம்பளையையும் கூப்பிட்டு விடேன். நமக்கென்ன?"

"நமக்கென்னவா? உன்னைப் பொய்யன்னு சொன்னவ அண்ணே. அவர் பொணம் நடுவீட்ல கிடக்கு, ஊரே நிக்குது, அத்தனை பேருக்கு முன்னால சொன்னா. என் அண்ணன் அங்கே விசா கிடைக்காமத் துடிச்சிக்கிட்டிருக்கான்னு நான் கத்தினேன். அவ சிரிச்சா. அவ கால் என் வாசல்ல படாது."

"சரி, ஆனா..."

"என்ன ஆனா?"

நீலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தையல் வாழைக்காய் சீவுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"வடை நல்லா வந்திருக்கா?" என்றேன்.

நல்லா வந்திருந்தது. இங்கே உளுந்து வடையில் பெருஞ்சீரகமும் செத்தல் என்கிற காய்ந்த மிளகாயும் தூக்கலாகப் போடுகிறார்கள். நான்கு சாப்பிட்டேன். பயணிகள் தவறவிடக் கூடாது.

ஜூன் 29, திங்கள்

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நானும் தையலும் மணையில் உட்கார்ந்தோம். ஐயர் மந்திரம் சொல்ல, தர்சிகாவின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து நான் தாரை வார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, மாப்பிள்ளையின் வேட்டி நனைந்தது. மனம் நிறைந்ததால்.

ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எழுதாமலும் விடலாம். ஆனால் வழிகாட்டி என்றால் முழுமையாக இருக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முன்னால் நான் வெற்றிலை போட மண்டபத்துக்கு வெளியே வந்தேன். எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூட்டிய கடைக்கு முன்னால் ஒரு அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தரிப்பூ நிறச் சேலை. கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு வந்தவள் மாதிரி இருந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்ததும் ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"நீங்கள்தானே உத்திராபதி அண்ணை? படத்தில கண்டிருக்கிறன். விசா குடுத்திட்டாங்களோ?"

கேலியாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் உண்மையாகவே கேட்டாள்.

"குடுத்துட்டாங்க."

"நல்லது. நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. செத்த வீட்டில வாய் நிக்காது. பிறகு எத்தனையோ தரம் வந்து மன்னிப்புக் கேட்டன், உங்கட தங்கச்சி படலை திறக்கேல்லை." கைப்பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். "தோடு. பிள்ளைக்கு. நான் தந்ததெண்டு சொல்ல வேண்டாம், வேண்ட மாட்டா. எப்பிடியாவது போட்டு விடுங்கோ. நான் இதில நிண்டு பிள்ளை காருக்கு வரேக்க பாத்திட்டுப் போறன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். சீர்த் தட்டு மணைக்குப் பக்கத்தில் இருந்தது. பொட்டலம் தட்டில் போய்ச் சேர்ந்தது. நான் வைத்தேன் என்று சொல்ல முடியாது. தட்டு வட்டமானது, பொருள்கள் உருளும்.

நீலா பிரித்துப் பார்த்தாள். சிவப்புக் கல் பதித்த தங்கத் தோடு.

"அண்ணே! தோடா?" கண் நிறைந்துவிட்டது. "உன்னால முடியாதேண்ணே... எதுக்கு இவ்வளவு?"

அந்த இடத்தில் நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அவள் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள், "மாமன் தோடு! மாமன் தோடு!" என்றாள். பரராசசிங்கம் கை தட்டினார். தர்சிகா மட்டும் அந்தத் தோட்டைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தோடு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காதில் போட்டுக்கொண்டாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் காருக்குப் போனபோது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நான் பார்க்கவில்லை. நல்ல வெயில், கண் கூசியது.

சாப்பாடு பதினாறு கறி. எண்ணவில்லை. பசியில்லை.

ஜூன் 30, செவ்வாய்

மின்சாரம் பற்றி: இங்கே பிளக் துளைகள் வேறு மாதிரி. நம்ம ஊர் சார்ஜர் சில இடத்தில் நுழையாது. மாற்றுப் பிளக் ஒன்று கொண்டுவரவும்.

தையல் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிடுகிறேன்.

மத்தியானம் பரராசசிங்கம் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"தம்பி, இதை இப்பிடியே விடேலாது. ஒரு சகோதரன், சொந்த மச்சான்ர செத்த வீட்டுக்கு வரேலாமல் மூண்டு தரம் மறுத்திருக்கினம். நான் மேலிடத்துக்கு மனு எழுதப் போறன். காரணம் கேக்கப் போறன். நாப்பது வருசம் சேவையில இருந்தவன், எனக்கு ஆக்களைத் தெரியும். திகதி மட்டும் தாங்கோ, மூண்டு திகதி."

"வேணாங்க, பழசு. மறந்துடுவோம்."

"அது எப்பிடி மறப்பது?" என்றாள் நீலா. "உன்னை அழவச்சவங்களை நான் விட மாட்டேன். அண்ணே, அந்தத் தேதியெல்லாம் உன் டைரியில இருக்கும்ல? எல்லாத்தையும் எழுதுறியே. நாளைக்கு ராத்திரிக்குள்ள குடு. நாளன்னைக்கு நாலாம் சடங்கு, எல்லாரும் சாப்பிட வருவாங்க, அப்ப ஐயாகிட்டக் கொடுத்துடலாம்."

நாலாம் சடங்கு என்பது கல்யாணத்தின் நாலாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு விருந்துக்கு வருவது. மாமிமார், மச்சாள்மார் எல்லாரும் இருக்க வேண்டிய சாப்பாடு.

சரி என்றேன். வேறென்ன சொல்வது? நான் முன்கூட்டியே சொல்லாத ஒன்று இதுதான்.

ஜூலை 1, புதன்

நீலாவுக்கு,

நீ கேட்ட தேதிகள் கீழே. முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்திருப்பாய், ஆகவே தோடு யார் போட்டது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். என் தலை எந்தப் பக்கம் அசைந்தது என்பதும் தெரியும், நீதான் பார்த்தாயே.

முதல் தரம், நீ வீடு குடிபுகுந்த நாள். அன்று நான் வேலைக்குப் போனேன். கம்பெனியில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

இரண்டாம் தரம், தர்சிகா பெரியவளானபோது. சடங்குக்கு முந்தின மாதம் பாஸ்போர்ட் எடுக்க நெட் சென்டர் வரைக்கும் போனேன். பத்தாவது சர்ட்டிபிகேட் இருக்கா என்று கேட்டார்கள். வீட்டில் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் என்று உனக்குத் தெரியாது. உன் கல்யாணப் பேச்சில் மச்சானிடம் நான் சொன்னதே பத்தாவது பாஸ் என்றுதான். அவர் என்னை மரியாதையாக "படிச்ச மனுசன்" என்பார். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விழுந்தால் அவர் பார்த்துவிடுவார் என்று இருந்தது. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் இன்னும் சின்னதாகத் தெரிகிறது.

மூன்றாம் தரம், மச்சான் போனபோது. அதற்கு என்னிடம் காரணமே இல்லை. அவர் பார்த்துவிடுவார் என்ற பயம்கூட இனி இல்லையே. ஏற்கனவே இரண்டு தரம் விசா மறுத்தார்கள் என்று சொல்லியாயிற்று, மூன்றாம் தரமும் அதையே சொல்வது சுலபமாக இருந்தது. நீ அங்கே புவனேஸ்வரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தையல் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் துக்கத்தில் இருப்பதாக நினைத்தாள். துக்கத்திலும்தான் இருந்தேன்.

தையலுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். பாஸ்போர்ட் இல்லாமலும் விசா கேட்கலாம் என்று அதுவரை அவளை நம்பவைத்திருந்தேன். கவுண்டரில் எனக்குப் பின்னால் நின்று கேட்டாள். அந்த அதிகாரியிடம் நான் சொன்ன ஒரே வாக்கியத்தை ராஜரகசியம் என்று எழுதினேன். முன்பின் தெரியாத ஆளிடம் கண்ணாடித் துவாரத்தின் வழியாகச் சொல்ல முடிந்ததை, மூன்று நாளாக உன் வீட்டில் உன் கையால் சாப்பிட்டுக்கொண்டு சொல்ல முடியவில்லை. வாய் திறந்தால் வடை பற்றித்தான் வருகிறது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நாளைச் சாப்பாட்டுக்குப் புவனேஸ்வரியைக் கூப்பிடு. நீ போக வேண்டாம், நான் போகிறேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தானே, அதற்கு பாஸ்போர்ட் தேவையில்லை. அவள் அன்று சொன்னது சரி என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கூட்டிவருவேன். நீ படலையைத் திறந்து வைத்தால் போதும். என்னை உள்ளே விடுவதும் விடாததும் உன் இஷ்டம்.

பரராசசிங்கத்தாரிடம் மனு எழுத வேண்டாம் என்று சொல். இந்தக் கையேட்டில் கப்பல், கடல், பிளக், போயா எல்லாம் உண்மை. இட்லி ஒன்பது. அதிகாரி எழுந்து நிற்கவில்லை. ஆனால் அவையெல்லாம் என் வழக்கமான மசாலா, தள்ளிவிட்டுப் படிக்கலாம். ஒன்று மட்டும் அப்படித் தள்ளக் கூடியது இல்லை.

நீலா, விசாவை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை.